கணக்கு நோட்டில் ஒட்டிய பக்கம்

பிரிக்பீல்ட்ஸ் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "ரத்தத்தில் எச்.ஐ.வி. தெரியவே இல்லை என்று ரிப்போர்ட் வந்தாச்சு. அப்புறமும் ஏன் மாத்திரையை நிறுத்தக் கூடாது?"

மாத்திரை, வைரஸ் புதிதாகப் பெருகுவதைத் தடுக்கிறது. அது எல்லோருக்கும் தெரியும். வேடிக்கை இனிமேல்தான். எச்.ஐ.வி. தன் மரபணுவை நம் வெள்ளணுவின் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிவிடும். கடைக் கணக்கு நோட்டில் யாரோ ஒரு பக்கத்தை ஒட்டிவிட்டுப் போன மாதிரி. அப்படிச் சிக்கும் அணுக்களில் சில, பழைய நோய்களை நினைவில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தூங்குபவை. நோட்டைத் திறக்காதவரை அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை. வைரஸின் புரதம் உருவாகாததால் எதிர்ப்புச் சக்திக்கு அடையாளம் தெரியாது. மாத்திரைக்கும் தடுக்க வேலை இல்லை. அணு இரண்டாகப் பிரிந்தால் நோட்டு முழுக்கப் போட்டோஸ்டேட் ஆகும், ஒட்டிய பக்கத்தோடு. ஒரு வேலையும் செய்யாமலே வைரஸ் பெருகிவிட்டது! தினமும் மாத்திரை போட்டாலும் இந்தக் கையிருப்பு பாதியாகக் குறைய சுமார் 44 மாதம் பிடிக்கும். மாத்திரையை நிறுத்தியபின் தூங்கும் அணு விழித்து நோட்டைத் திறந்தால், வைரஸ் திரும்பிவிடும்.

2013 ஜூலையில் நம் கோலாலம்பூரில் நடந்த அனைத்துலக எய்ட்ஸ் சங்க மாநாட்டில், எலும்பு மஜ்ஜை மாற்றிக்கொண்ட இரண்டு போஸ்டன் நோயாளிகள் மாத்திரை நிறுத்தியும் வைரஸ் இல்லாமல் இருப்பதாக அறிவித்தார்கள். ஆண்டு முடிவதற்குள் இருவருக்கும் திரும்பிவிட்டது. எங்கோ ஓரிரு நோட்டுகள் மிஞ்சியிருந்திருக்கின்றன. ரிப்போர்ட்டைக் காட்டி 'எங்கள் சூரணம் குணமாக்கியது' என்று விற்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அது மாத்திரை செய்த வேலை.

சரி, மிஞ்சியதை எப்படி எண்ணுவது? மரபணுத் துண்டைத் தேடி எண்ணும் பி.சி.ஆர். சோதனை எளிது, ஆனால் கிழிந்த பக்கங்களையும், அதாவது வைரஸை உருவாக்க முடியாத பழுதான மரபணுவையும், சேர்த்து எண்ணிவிடும். பத்தில் ஒன்பதுக்கும் மேல் கிழிந்தவையே. உயிருள்ளதைக் கண்டுபிடிக்க, நிறைய ரத்தம் எடுத்து, தூங்கும் அணுக்களைப் பிரித்து, தட்டியெழுப்பி, வைரஸ் வெளிவருகிறதா என்று வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அணுக்களைச் சேமிக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். மின்வெட்டு உள்ள ஊரில் இதை நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு சங்கடம். ஆய்வுகளில் பெரும்பாலானவை ஐரோப்பா, அமெரிக்காவில் பரவும் எச்.ஐ.வி.யின் பி வகையை வைத்தே நடக்கின்றன. உலகில் எச்.ஐ.வி. உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருப்பதோ சி வகை. தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் அதுதான். மலேசியாவில் பரவும் கலப்பு வகை ஒன்று கோலாலம்பூரிலேயே முதலில் இனங்காணப்பட்டது. பி வகைக்கென்று செய்த பி.சி.ஆர். மற்ற வகைகளில் குறைத்துக் காட்டலாம். இருக்கும் பணத்தில் ஏழை நாடுகள் முதலில் மாத்திரை வாங்குவது நியாயம். ஆனால் இந்த ஆய்வுக்குப் பணக்கார நாடுகள் காசு கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது நியாயமில்லை.

குணமானதா என்பதை உறுதிசெய்ய, கடைசியில் மாத்திரையை நிறுத்தித்தான் பார்க்க வேண்டும். வாராவாரம் ரத்தப் பரிசோதனை, வைரஸ் தலைகாட்டியதும் மறுபடி மாத்திரை. ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை கிடைப்பதே பெரிதாக இருக்கும் ஊரில், யாரிடம் போய் 'நிறுத்துங்கள்' என்று சொல்வது?