பணம் ஒரு தடவை, பொறுப்பு 30 ஆண்டு: பல்லுயிர் அலகு விற்கும் நில உரிமையாளர்களுக்கு

இங்கிலாந்தில் விவசாய நிலம் வைத்திருப்பவர்கள் என்னிடம் வந்ததும் கேட்பது, "ஓர் அலகு என்ன விலைக்குப் போகும்?" நியாயமான கேள்விதான். (ஒரு வாழ்விடத்தின் இயற்கை மதிப்பை அளக்கும் கணக்கைத்தான் பல்லுயிர் அலகு என்கிறார்கள்.) ஆனால் விலை பேசி முடித்த பிறகு ஒப்பந்தத்தைக் கொண்டுவருகிறவர்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

2024 பிப்ரவரி 12 முதல் அங்கே பெரிய கட்டுமானத் திட்டங்களும், ஏப்ரல் 2 முதல் சிறிய திட்டங்களும், சில விலக்குகள் தவிர, பல்லுயிர் வளத்தைக் குறைந்தது 10 சதவீதம் கூட்டிக் காட்ட வேண்டும். சொந்த மனையில் இடம் போதாத கட்டுமான நிறுவனம், உங்கள் நிலத்தில் உருவாகும் புல்வெளியையோ குளத்தையோ வேலிப்புதரையோ அலகுக் கணக்கில் வாங்கலாம். அதற்கு உங்கள் நிலம், அரசின் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்து நடத்தும் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறுவதற்கு, நிலத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சட்ட ஒப்பந்தம் கட்டாயம்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். கையெழுத்தாவது பெரும்பாலும் இரண்டு ஒப்பந்தங்கள். ஒன்று, அலகை வாங்கும் நிறுவனத்தோடு செய்யும் விற்பனை ஒப்பந்தம். மற்றது, கட்டுமான அனுமதி தரும் உள்ளூர் திட்ட ஆணையத்தோடு திட்டமிடல் சட்டத்தின் கீழ் போடும் பிரிவு 106 ஒப்பந்தம், அல்லது அரசு அங்கீகரித்த பொறுப்பு அமைப்போடு போடும் பாதுகாப்பு உடன்படிக்கை (conservation covenant). வாங்கியவர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வாழ்விடத்தை உருவாக்கிக் காப்பாற்றும் கடமை, இரண்டாவது ஒப்பந்தத்தின் வழியாக உங்கள் தலையில் நிற்கும். நிலத்தை விற்றால் அடுத்த உரிமையாளரையும் அது பிடிக்கும்.

பாதுகாப்பு உடன்படிக்கை போடுகிறவர்கள் கால வரம்பைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். 2021-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டப்படி, முழு உரிமை நிலத்தில் காலம் குறிப்பிடாமல் விட்டால் கடமைக்கு முடிவே கிடையாது. 30 ஆண்டு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவரின் பேரப்பிள்ளைகளும் அதில் கட்டுப்பட்டிருப்பார்கள். அந்த 30 ஆண்டுமே கையெழுத்திட்ட நாளில் தொடங்குவதில்லை. வாழ்விட வேலைகள் முடிந்த பிறகு குறைந்தது 30 ஆண்டு பராமரிக்க வேண்டும் என்பதுதான் சட்டம். வேலையைப் பகுதி பகுதியாகச் செய்தால் எந்தப் பகுதிக்கு எந்த நாள் தொடக்கம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

எல்லா அலகையும் ஒரே நாளில் விற்கப்போவதில்லை என்றால் இன்னொன்று. முழு நிலத்துக்கும் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுவிட்டு, வாங்க ஆள் வராத வயலில் விதைப்பும் நடவும் செய்தே ஆக வேண்டிய நிலைக்குப் போகாதீர்கள். ஒரு பகுதியின் அலகுகள் விற்ற பிறகே அந்தப் பகுதியின் வேலை தொடங்கும் என்று கேட்டுப் பாருங்கள். ஆணையம் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். கேட்காமல் இருக்காதீர்கள்.

வறட்சி, வெள்ளம், மரநோய் வந்து வாழ்விடம் குறித்த தரத்தை எட்டாமல் போனால் என்ன? இதற்கான விடை பராமரிப்பு, கண்காணிப்புத் திட்டத்தில் இருக்க வேண்டும். சூழல் நிபுணர் எழுதுகிற அந்தத் திட்டத்தை வக்கீல் பார்க்காமலும், வக்கீல் எழுதுகிற ஒப்பந்தத்தை நிபுணர் பார்க்காமலும் விடுவது எனக்கு உடன்பாடில்லாத வழக்கம். உங்கள் கையை மீறிய காரணத்தால் தவறியதற்கு எவ்வளவு அவகாசம், மறுநடவுச் செலவு யாருடையது, ஆணையத்துக்குச் செலுத்தும் கண்காணிப்புக் கட்டணம் விலைவாசியோடு ஏறுமா: மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். அந்தச் செலவையெல்லாம் கூட்டிப் பார்த்த பிறகே அலகுக்கு விலை சொல்லுங்கள். வருகிற பணத்தில் ஒரு பங்கைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள்.

அப்புறம், நிலத்தின் மேல் அடமானம் இருந்தால் வங்கியிடமும், குத்தகைக்கு விட்டிருந்தால் குத்தகைதாரரிடமும் முதலிலேயே பேசுங்கள். அண்ணன் தம்பி பெயரில் கூட்டாக இருக்கும் நிலமென்றால் அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். பின்னாளில் நிலத்தை விற்றால் உங்களைக் கடமையிலிருந்து விடுவிக்கும் ஒரு வரியும் வேண்டும். வாங்கும் நிறுவனம் தன் அனுமதிக்காக அவசரப்படும் நேரம்தான் இவற்றையெல்லாம் பேசத் தோதானது. வரைவுக்கான உங்கள் வக்கீல் கட்டணத்தை அவர்கள் ஏற்பார்களா என்றும் அப்போதே கேளுங்கள்.