விம்மைத் திறந்ததுமே யாரோ தேடி வைத்ததுபோல் இருக்கிறதா?

குமரி மாவட்டத்தில் சிறு நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் பில்லிங், குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட் வியாபாரம், தோவாளையில் பூ மொத்தக் கணக்கு என்று பல தினுசு. இவர்களில் யாரிடமும் தனியாக சிஸ்டம் ஆள் கிடையாது. அலுவலகத்தில் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்தவர் எஸ்எஸ்எச் போட்டு லினக்ஸ் சர்வருக்குள் போய், விம் என்ற எடிட்டரில் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பைத் திறந்து திருத்துவார். அப்படித் திருத்துகிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் போன் இது: "அண்ணே, ஃபைலை இப்பதான் திறந்தேன். நான் எதையும் தேடல. ஆனா அங்கங்க மஞ்சளா கிடக்கு. யாரும் உள்ள புகுந்துட்டாங்களா?"

பெரும்பாலும் யாரும் புகுந்திருக்க மாட்டார்கள். அதற்காக ஒன்றுமில்லை என்று சொல்லி போனை வைத்துவிடவும் முடியாது. தேடிய சொல்லின் மேல் விம் காட்டும் அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அடுத்த கட்டளையை அடிப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. (கட்டளைகளை நான் போனில் சொல்வதுபோலவே இங்கே எழுதுகிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

விம்மை மூடும்போது அது உங்கள் ஹோம் டைரக்டரியில் விம்இன்ஃபோ (viminfo) என்ற மறைகோப்பு ஒன்றை எழுதி வைக்கிறது. பெயர் புள்ளியில் தொடங்குவதால் கோப்புகளைப் பட்டியலிட சாதாரணமாக எல்எஸ் போட்டால் கண்ணில் படாது. கடைசியாகத் தேடியது, கொடுத்த கட்டளைகள், காப்பி செய்த வரிகள், எந்தக் கோப்பில் எந்த வரியில் விட்டீர்கள் என்பது எல்லாம் அதில் இருக்கும். அடுத்த முறை திறக்கும்போது அதைப் படித்துப் பழைய தேடலையும் கையில் எடுத்துக்கொள்கிறது. விம்மின் வழி வந்த நியோவிம்மில் இதே வேலையை ஷாடா கோப்பு செய்கிறது.

தேடல் நினைவில் இருந்தாலும் திறந்த உடனே அதை மஞ்சளாகக் காட்டக் கூடாது என்று சொல்ல விம்இன்ஃபோ அமைப்பில் எச் என்று ஓர் எழுத்து உண்டு. விம்மின் இயல்பான அமைப்பிலேயே அது இருக்கிறது. ஆனால் சென்ட்ஓஎஸ் 7 போன்ற, ரெட்ஹேட் வழி வந்த லினக்ஸ் சர்வர்களில் ஈடிசி என்ற டைரக்டரிக்குள் வரும் பொதுவான விம்ஆர்சி (விம்மின் அமைப்புக் கோப்பு), அந்த அமைப்பைத் தன் விருப்பப்படி மாற்றி எழுதுகிறது. அதில் எச் இல்லை. தேடியதை நிறமிட்டுக் காட்டும் எச்எல்சர்ச் (hlsearch) அமைப்பையும் அதே கோப்பு போட்டுவிடுகிறது. அதனால் உபுண்டுவில் ஒருமுறைகூட இதைப் பார்க்காதவர் சென்ட்ஓஎஸ் சர்வரில் நுழைந்ததும் பதறுகிறார். சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. மாற்ற வேண்டும் என்று நான் சொல்லாத முதலாளி இல்லை. "ஓடுதுல்லா, ஓடட்டும்" என்பதுதான் பதில்.

மஞ்சளை அணைக்க :நோஎச் (:noh) என்று அடித்தால் போதும். நிறையப் பேர் அதோடு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். நிறம்தான் போகிறது, தேடல் அப்படியே இருக்கிறது. ஆங்கில 'என்' (n) எழுத்தைத் தட்டினால் கர்சர் அந்தப் பழைய சொல்லுக்கே தாவும். தாவினால் பரவாயில்லை. :%எஸ்// என்று நடுவில் எதுவும் எழுதாமல் மாற்றக் கட்டளை கொடுத்தால், விம் கடைசித் தேடலை அந்த வெற்றிடத்தில் போட்டுக்கொள்ளும். :ஜி//டி என்று அடித்தால் பழைய தேடலுக்குப் பொருந்தும் வரிகள் அத்தனையும் அழியும். வெற்றிடம் என்றால் கடைசித் தேடல் என்ற வழக்கம் 1969-இல் கென் தாம்சன் எழுதிய எட் எடிட்டர் காலத்திலிருந்து வருகிறது. அங்கே எடிட்டரை மூடினால் நினைவும் போய்விடும். விம்மில் அந்த நினைவு கோப்பில் தங்குகிறது. போன வாரம் தேடியது இன்றைக்கு வந்து வரிகளை அழிக்கும் நிலை அதனால்தான்.

ஒரே லாகினை நாலு பேர் பகிர்ந்துகொள்ளும் இடங்களில் இது இன்னும் மோசம். நம் ஊர்ச் சிறு அலுவலகங்களில் பெரும்பாலும் அப்படித்தான். காலையில் வந்தவர் ரப்பர் ஷீட்டில் ஒரு கிரேடின் விலையைத் தேடிவிட்டுப் போவார். மதியம் வந்தவர் அதே யூசரில் கோப்பைத் திறந்து, தன் தேடல்தான் நிற்கிறது என்று நம்பி :%எஸ்// அடிப்பார். வேறொரு கிரேடின் விலை முழுக்க மாறிப்போகும். கணக்கு உதைக்கும்போது, இருவருமே நான் தொடவில்லை என்பார்கள், இருவருமே உண்மையைத்தான் சொல்வார்கள். கோப்பில் பாஸ்வேர்டைத் தேடியிருந்தால் அதுவும் விம்இன்ஃபோவில் படிக்கிற மாதிரியே கிடக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

தேடல் நினைவே வேண்டாம் என்றால் உங்கள் விம்ஆர்சியில் செட் விம்இன்ஃபோ+=/0 என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பகிர்ந்துகொள்ளும் லாகினில் நான் எப்போதும் இதைத்தான் போடுவேன். கட்டளை வரலாறு தங்கும், தேடல் மட்டும் தங்காது. சிலர் கடைசித் தேடலைத் துடைக்கும் லெட் @/="" என்ற வரியை விம்ஆர்சியில் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். செய்யாது. விம் முதலில் விம்ஆர்சியைப் படிக்கிறது, விம்இன்ஃபோவை அதற்கப்புறம்தான் படிக்கிறது. நீங்கள் துடைத்த பிறகு பழையது மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொரு கூத்து. எத்தனை முறை புதிதாகத் தேடினாலும், மூடித் திறந்தால் அதே ஒரு பழைய சொல்லே வந்து நிற்கிறதா? மூடும்போது இ137 என்று தொடங்கும் ஒரு வரி கண நேரம் தெரிந்து மறையும், கவனியுங்கள். விம்இன்ஃபோவில் எழுத அனுமதி இல்லை என்று அது சொல்கிறது. யாரோ சூடோ போட்டு, நிர்வாகி உரிமையில் விம்மைத் திறந்ததில் அந்தக் கோப்பு ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாகியிருக்கலாம். படிக்க முடிகிற, எழுத முடியாத நினைவு மாறவே மாறாது. கோப்பின் உரிமையாளரை மாற்றும் சோன் (chown) கட்டளையில் கோப்பை உங்கள் பெயருக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

சில நேரம் தேடச் சொன்னது நம் கையேதான். விம் +/சொல் என்று கோப்புப் பெயருக்கு முன்னால் கொடுத்தால் அந்தச் சொல் இருக்கும் வரியில் திறக்கும், நல்ல வசதி. வெறும் + கொடுத்தால் கடைசி வரி. இப்போது விம் + /ஈடிசி/ஹோஸ்ட்ஸ் என்று அடிக்க நினைத்து, நடுவில் இடைவெளியை விட்டுவிட்டால் என்ன ஆகும்? கோப்பே திறக்காது. வெற்றுத் திரையில் இ486 என்ற பிழை வந்து, ஈடிசி என்ற சொல் கிடைக்கவில்லை என்று நிற்கும். ஹோஸ்ட்ஸ் கோப்பு அழிந்துவிட்டது என்று அதைப் பார்த்து போன் பண்ணியவர் உண்டு. தேடும் சொல்லில் இடைவெளி இருந்தால் முழுவதையும் மேற்கோளுக்குள் போடுங்கள், இல்லையென்றால் இரண்டாவது சொல்லைக் கோப்புப் பெயராக எடுத்துக்கொள்ளும்.

மழைக்காலத்தில் வரும் கோளாறு வேறு ரகம். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. மலையோரப் பக்கம் நெட் திணறும்போதுதான் இதைப் பார்க்கிறேன். புதிய விம் திறந்ததும் உங்கள் டெர்மினலிடம் பின்னணி நிறம் என்ன என்று கேட்கிறது. டெர்மினல் எஸ்கேப்பில் தொடங்கி, ஆர்ஜிபி, கோலன், பிறகு மூன்று எண்களைச் சாய்கோட்டால் பிரித்து பதில் அனுப்பும். இணைப்பு இழுக்கும்போது எஸ்கேப் முன்னால் வந்து மற்றது பின்தங்கினால், விம் அதை நீங்கள் தட்டிய விசைகள் என்று எடுத்துக்கொள்கிறது. ஆர், ஜி சேர்ந்து கர்சர் நிற்கும் எழுத்தை ஜி ஆக மாற்றிவிடும். கோலன் கீழே கட்டளை வரியைத் திறந்து, எண்ணும் சாய்கோடுமாக அங்கே ஏதோ வந்து நிற்கும். பார்ப்பவருக்கு அது தேடல் மாதிரியே தெரியும். அப்போது என்டரைத் தட்டாதீர்கள். எஸ்கேப் தட்டி, க்யூ! கொடுத்துச் சேமிக்காமல் வெளியே வாருங்கள். அடிக்கடி வந்தால் விம்ஆர்சியில் செட் டி_ஆர்பி= என்று காலியாக விடுங்கள். டி மட்டும் சிறிய எழுத்து, ஆரும் பியும் பெரிய எழுத்து.

எது காரணம் என்று பிரித்துப் பார்க்க முதலில் விம் -ஐ நன் என்று கோப்பைத் திறந்து பாருங்கள், நன் என்பதை NONE என்று பெரிய எழுத்தில் அடியுங்கள். விம்இன்ஃபோவைத் தொடாமல் திறக்கும். மஞ்சள் போய்விட்டால் பழைய நினைவுதான். போகவில்லையென்றால் கூடவே -யு நன்னும் சேருங்கள். அமைப்புக் கோப்புகளும் ப்ளக்இன்களும் விலகிவிடும். இரண்டுக்கும் சேர்த்து --க்ளீன் போதுமே என்று சொல்வார்கள், ஆனால் சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது விம் 7.4, அதற்கு அது தெரியாது. எந்தக் கோப்பு எச்எல்சர்ச்சைப் போட்டது என்று தெரிய வெர்போஸ் செட் எச்எல்சர்ச்? என்று உள்ளேயே கேட்கலாம், கோப்பின் பெயரைச் சொல்லிவிடும். இதற்கும் பிடிபடவில்லையென்றால் வெளியே வந்து டைப் விம் என்று அடியுங்கள். முன்பு வேலை பார்த்தவர் பாஷ்ஆர்சி என்ற ஷெல் அமைப்புக் கோப்பில் +/ சேர்த்து விம்முக்கு ஓர் ஏலியாஸ் (மாற்றுக் கட்டளை) போட்டுவிட்டுப் போயிருந்தால் அங்கே தெரிந்துவிடும். நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் க்ரான்டாப் பட்டியலைத் திருத்தும்போது மட்டும் வருகிறது என்றால் எடிட்டர் என்ற சூழல் மாறியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.