பெட்டிக்குள் திரும்பிய மாட்யூலின் சுருதி ஏன் இறங்குகிறது?

கோத்தகிரியிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மின்சுற்றுகளால் இசை எழுப்பும் பழைய சின்தசைசர் ஒன்றின் ஆசிலேட்டர் மாட்யூலை, அதாவது சுரத்தைப் பிறப்பிக்கும் தனிப் பாகத்தை, பழுது பார்க்கக் கழற்றியவர், இரவில் ஜன்னலோர மேசையில் வைத்தே சுருதி சேர்த்து, மறுநாள் அதே பழைய பெட்டியில் பூட்டியிருக்கிறார். அரை மணி நேரத்துக்குள் மேல் ஸ்தாயிச் சுரங்கள் இறங்கிவிட்டன. ‘பிரித்த பொருளுக்கு ராசி போய்விடும்’ என்று வீட்டுப் பெரியவர் சொன்னாராம். அந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை; ராசி என்று சொல்லிவிட்டால், அதன்பின் யாரும் வெப்பமானியைக் கையில் எடுக்கப்போவதில்லை. இங்கே நடந்ததோ முழுக்க முழுக்க வெப்பத்தின் வேலை.

அமெரிக்கச் சின்தசைசர் முன்னோடி ராபர்ட் மூக் 1964-இல் உருவாக்கிய மாட்யூல்களைத் தொடர்ந்து, ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும் என்ற முறை நிலைபெற்றது. ஒரு ஸ்தாயி ஏறுவது என்றால் அதிர்வெண் இரட்டிப்பது. வோல்ட்டைக் கூட்டக் கூட்ட அதிர்வெண் பெருக வேண்டும். கூட்டலைப் பெருக்கலாக மாற்றும் இந்த வேலையைச் செய்வது ஒரு சிறிய டிரான்சிஸ்டர்.

அது எப்படிச் செய்கிறது என்பதற்கு நம் மலைப்பாதையே நல்ல உதாரணம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறினால் காற்று மெலிகிறது. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவு. இன்னும் ஏறிக்கொண்டே போனால், சுமார் ஐந்தரை கிலோமீட்டருக்கு ஒரு முறை அழுத்தம் பாதியாகும். காற்று மூலக்கூறுகளைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, வெப்பம் மேலே தள்ளுகிறது. இவ்விரண்டின் இழுபறியில் பிறந்த கணக்கு இது. டிரான்சிஸ்டருக்குள் எலக்ட்ரான்களுக்கும் இப்படியொரு மலை உண்டு. அதன் எமிட்டர் என்ற பகுதியிலிருந்து பேஸ் என்ற பகுதிக்குள் நுழைய அவை ஒரு மின்னழுத்த மேட்டைத் தாண்ட வேண்டும். நாம் கொடுக்கும் மின்னழுத்தம் அந்த மேட்டைத் தாழ்த்துகிறது. அறை வெப்பநிலையில் மேட்டை சுமார் 18 மில்லிவோல்ட் தாழ்த்தினால், தாண்டும் எலக்ட்ரான்கள் இரு மடங்காகின்றன. இன்னொரு 18 தாழ்த்தினால் நான்கு மடங்கு. மின்னோட்டம் இரட்டித்தால் ஆசிலேட்டரின் அதிர்வெண்ணும் இரட்டிக்கும்; அதனால்தான் வெளியிலிருந்து வரும் ஒரு வோல்ட்டைச் சுற்று முதலில் இந்தச் சில மில்லிவோல்ட்டுகளாகச் சுருக்கி டிரான்சிஸ்டருக்குத் தருகிறது. காற்றுக்கும் எலக்ட்ரானுக்கும் இந்தக் கணக்கில் வருவது வெப்பநிலையை ஆற்றலோடு இணைக்கும் ஒரே போல்ட்ஸ்மான் மாறிலிதான். மலைக்காற்றை மெலியச் செய்யும் அதே விதி ஒரு பாடலின் சுருதியையும் ஆள்கிறது என்பதை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இனி வெப்பத்துக்கு வருவோம். காற்று சூடானால் மூலக்கூறுகள் மேலும் உயரத்துக்கு எழுகின்றன. ஆகவே அழுத்தம் பாதியாவதற்குக் கூடுதல் உயரம் ஏற வேண்டும். டிரான்சிஸ்டர் சூடானாலும் அப்படியே, மின்னோட்டம் இரட்டிப்பதற்குக் கூடுதல் மில்லிவோல்ட் தேவைப்படும். வாசகரின் மேசையில் இரவு 12 டிகிரி, அதாவது தனிச்சுழியிலிருந்து எண்ணும் கெல்வின் அளவில் 285 என்றும், மூடிய பெட்டிக்குள் மின்வழங்கியின் சூட்டில் 27 டிகிரி, அதாவது 300 கெல்வின் என்றும் கொள்வோம். மேசையில் 17 மில்லிவோல்ட் ஒரு முழு ஸ்தாயியைத் தந்தது. பெட்டிக்குள் அதே 17 தருவது 0.95 ஸ்தாயிதான். ஸ்தாயியில் பன்னிரண்டில் ஒரு பங்கு அரைச்சுரம் என்பதால், ஒரு ஸ்தாயிக்கு 0.6 அரைச்சுரம் குறைகிறது. நான்கு ஸ்தாயி ஏறும்போது குறை 2.4 அரைச்சுரமாகிவிடுகிறது. ஈடுகட்ட எதுவும் இல்லாதபோது வரும் குறை இது; அவர் காதில் விழுந்தது இந்த வகைக் குறைதான்.

கருவியை வடிவமைத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். வெப்பத்தால் வரும் இன்னொரு பிழையை, குணம் ஒத்த இரண்டாவது டிரான்சிஸ்டரை ஜோடி சேர்த்து நீக்கிவிடுவார்கள். மேலே சொன்ன பிழைக்கு, டிகிரிக்கு 0.33 சதவீதம் மதிப்பு உயரும் தனி வகை மின்தடை ஒன்றை வைப்பார்கள். 300 கெல்வினில் ஒரு டிகிரி என்பது முந்நூற்றில் ஒரு பங்கு, அதே 0.33 சதவீதம். ஆனால் அந்த மின்தடையின் சூடும் டிரான்சிஸ்டரின் சூடும் ஒன்றாக இருந்தால்தான் கணக்கு சரியாகும். அதனால்தான் அது டிரான்சிஸ்டர் ஜோடியின் முதுகில் வெள்ளைப் பசை தடவி ஒட்டப்பட்டிருக்கும். சால்டரிங் செய்யும்போது கை பட்டு அது ஒரு மில்லிமீட்டர் எழும்பியிருந்தாலும் போதும், ஜன்னல் காற்று இரண்டையும் வெவ்வேறு விதமாகக் குளிர்விக்கும்.

ஆகவே அந்தப் பழைய பெட்டியும் கருவியின் ஓர் உறுப்பே. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 11 மீட்டர் கோபுரத்தின் மேலுள்ள கண்ணாடிகள் ஒளியை 60 மீட்டர் நீள நிலத்தடிச் சுரங்கத்துக்குள் அனுப்புகின்றன. மண்ணுக்கடியில் வெப்பநிலை மெதுவாகத்தான் மாறும். கருவி வாங்க நிதி ஒதுக்குகிறவர்கள், அது குடியிருக்கும் கூட்டுக்கும் அதே அக்கறையோடு ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

வாசகர் முதலில் அந்த மின்தடை டிரான்சிஸ்டரைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும். மாட்யூல் யூரோராக் என்ற பொது அளவில் செய்யப்பட்ட வகை என்றால், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோட்டை மின்சுற்றுப் பலகையில் −12 வோல்ட் என்று குறித்த பக்கம் செருக வேண்டும். இது மாறினால் மாட்யூலே கருகிவிடலாம். பெட்டியை மூடி, மின்சாரம் கொடுத்து, ஒரு மணி நேரம் தொடாமல் விட வேண்டும். சுருதியைச் சரிசெய்யும் சிறு திருகான டிரிம்மருக்கு முகப்பில் துளை இருந்தால் அதன் வழியாகவே, இல்லையென்றால் மாட்யூலைச் சற்றே வெளியே இழுத்துத் திருகி உடனே மூடி, இருபது நிமிடம் காத்திருந்து மறுபடி சரிபார்க்க வேண்டும். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் என் மாட்யூலுக்கு டிசம்பர் மாதத்தில் இப்படி நான்கு சுற்று தேவைப்பட்டது. ஐந்தாம் முறை மூடியபோது நான்கு ஸ்தாயிச் ஷட்ஜங்களும் ஒன்றோடொன்று சேர்ந்து நின்றன.