ஆய்வேட்டுக்கான யுஜிசி 2018 விதி: எதை எண்ணுவார்கள், எதை விடுவார்கள், சான்று எப்படிக் காட்டுவது

ஆய்வேட்டை நூலகத்தில் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும்போது, பிற எழுத்துகளோடு அது எவ்வளவு ஒத்திருக்கிறது என்று சாஃப்ட்வேர் காட்டும் ஒப்புமை அறிக்கை "27 சதவீதம்" என்று வந்தால், பலரும் உடனே சொல்லை மாற்ற உட்கார்ந்துவிடுகிறார்கள். 'பயன்படுத்தப்பட்டது' என்பது 'உபயோகிக்கப்பட்டது' ஆகிறது, 'அதிகரித்தது' என்பது 'கூடியது' ஆகிறது. சதவீதம் இறங்கிவிடும், ஆனால் விதிப்படி இருந்த குறை அப்படியே இருக்கும். அந்த விதியை ஒருமுறை பொறுமையாகப் படித்தவருக்குப் பாதி வேலை சான்றைச் சரியாகக் காட்டுவதிலேயே முடிந்துவிடும்.

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2018 ஜூலையில் அரசிதழில் வெளியிட்ட விதிமுறை இது. உயர்கல்வி நிறுவனங்களில் கல்விசார் நேர்மையை வளர்ப்பதும் கருத்துத் திருட்டைத் தடுப்பதும் இதன் நோக்கம். மாணவர், ஆசிரியர், ஆய்வாளர், ஊழியர் எல்லோரும் இதற்குள் வருகிறார்கள். முதுகலை, ஆய்வுப் பட்டங்களுக்குச் சமர்ப்பிக்கும் ஆய்வேடுகள், இதழ்க் கட்டுரைகள், நூல்கள், நூல்களில் எழுதும் இயல்கள் ஆகியவை அடங்கும். வகுப்பில் கொடுக்கும் அசைன்மென்ட், பருவக் கட்டுரை, புராஜெக்ட் அறிக்கை, விடைத்தாள் ஆகியவை அடங்கா. பிறருடைய படைப்பை மட்டுமல்ல, பிறருடைய கருத்தைத் தனதென்று காட்டுவதையும் விதி திருட்டு என்கிறது. ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழில் பெயர்த்துச் சான்றில்லாமல் போட்டால் சாஃப்ட்வேர் கண்டுபிடிக்காமல் போகலாம். ஆனால் விதியின் வரையறைக்குள் அதுவும் வரும்.

நான்கு நிலைகள்

ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் பூஜ்ய நிலை, தண்டனை கிடையாது. 10-க்கு மேல் 40 வரை முதல் நிலை. ஆய்வேட்டைத் திருத்தி, 6 மாதத்துக்கு மேற்படாத கெடுவுக்குள் மீண்டும் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை இரண்டாம் நிலை, திருத்திய ஆய்வேட்டை ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் மூன்றாம் நிலை, அந்தப் படிப்புக்கான பதிவே ரத்தாகும். ஒருமுறை தண்டனை பெற்றவர் மீண்டும் அதே தவறைச் செய்தால் ஒரு படி மேலான தண்டனை.

வெளியிடும் கட்டுரைகளுக்கு அட்டவணை வேறு. முதல் நிலையில் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். இரண்டாம் நிலையில் அதோடு ஓர் ஆண்டு ஊதிய உயர்வு போகும், 2 ஆண்டுகளுக்குப் புதிய முதுகலை, ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளராக இருக்க முடியாது. மூன்றாம் நிலையில் அடுத்தடுத்து 2 ஊதிய உயர்வுகள் போகும், நெறியாளர் தடை 3 ஆண்டு. மூன்றாம் நிலைத் தவறையே ஒருவர் மறுபடி செய்தால் பணி விதிகளின்படி இடைநீக்கம், பணிநீக்கம் வரை போகலாம்.

10 சதவீதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு 300 சொல் வீதம் 200 பக்க ஆய்வேடு என்றால் 60,000 சொல். அதில் 10 சதவீதம் 6,000 சொல், ஏறத்தாழ 20 பக்கம். அந்த 20 பக்கம் எங்கே இருக்கிறது என்பதைச் சதவீதம் சொல்லாது. ஆனால் விதிக்கு அது முக்கியம். ஆய்வுச்சுருக்கம், தொகுப்புரை, கருதுகோள், உற்றுநோக்கல்கள், முடிவுகள், முடிவுரை, பரிந்துரைகள் ஆகிய பகுதிகளில் ஒப்புமையே இருக்கக் கூடாது என்கிறது விதியின் குறிப்பு. முந்தைய ஆய்வுகள் பற்றிய இயலும் ஆய்வுமுறை இயலும் இந்தப் பட்டியலில் இல்லை. கலைச்சொற்களும் நெறிமுறைகளும் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் அவைதான் என்பதால் இந்தப் பிரிப்பில் நியாயம் இருக்கிறது. மொத்தம் 8 சதவீதம் வந்து, அதில் பெரும்பகுதி முடிவுரையில் என்றால் நிம்மதியாக இருக்க வழியில்லை. 10-க்குக் கீழே எல்லையைக் குறைத்து வைத்திருக்கும் பல்கலைக்கழகங்களும் உண்டு, ஆகவே உங்கள் நிறுவனத்தின் கொள்கையைத் தனியாகப் பாருங்கள். அதை இணையதள முகப்பில் வைக்க வேண்டும் என்பதும் விதிதான்.

கணக்கில் சேராதவை

உரிய அனுமதியோடோ சான்றோடோ எடுத்தாண்ட மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முகவுரை, நன்றியுரை, பொதுச் சொற்கள், சட்டங்கள், வழக்கமான குறியீடுகளும் சமன்பாடுகளும் விலக்கப்படும். பொது அறிவாகவோ தற்செயலாகவோ அமைந்த தொடர், அடுத்தடுத்து 14 சொல் வரை ஒத்திருந்தால் அதுவும் விலக்கு.

விலக்கு என்று விதி சொன்னாலும் சாஃப்ட்வேர் அதைத் தானாகப் புரிந்துகொள்ளாது. மேற்கோள்குறியைப் பார்த்து மேற்கோளையும், தலைப்பைப் பார்த்துப் பட்டியலையும் அது கண்டுகொள்கிறது. 'துணைநூற்பட்டியல்' என்று தமிழில் தலைப்பு இட்டிருந்தாலோ, ஒவ்வோர் இயலின் முடிவிலும் தனித்தனிப் பட்டியல் வைத்திருந்தாலோ அது தவறவிடலாம். அப்போது பட்டியல் முழுவதும் ஒப்புமையாக எண்ணப்பட்டு, 5, 6 சதவீதம் சும்மாவே ஏறிவிடும். பட்டியலைத் தனிக் கோப்பாகப் பிரித்துக்கொடுங்கள், அல்லது விலக்குகளை அமைத்து அறிக்கையை மறுபடி எடுக்கச் சொல்லி நூலகரிடம் கேளுங்கள். 14 சொல் விலக்கையும் அமைப்பில் கைமுறையாகத்தான் போட வேண்டும்.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு சிக்கல். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பு திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துக் குவியல். சாஃப்ட்வேர் அந்தக் குவியலைத்தான் படிக்கும். அதனால் வரும் 1 சதவீதத்துக்குப் பொருளே இல்லை. யூனிகோடுக்கு மாற்றி, மாற்றத்தில் உடைந்த ஒற்றெழுத்துகளையும் கொம்புகளையும் சரிபார்த்த பிறகே கொடுங்கள்.

"எண் போட்டேனே, பிறகு ஏன் சிவப்பாகக் காட்டுகிறது?"

அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பத்தி முழுவதையும் அப்படியே எடுத்து, கடைசியில் மட்டும் சான்று எண் இடுவதுதான் பெரும்பாலும் காரணம். கருத்து யாருடையது என்பதைச் சான்று எண் காட்டும், சொற்கள் யாருடையவை என்பதை மேற்கோள்குறி காட்டும். பிறர் சொல்லை அப்படியே எடுத்தால் இரண்டும் வேண்டும். ஏபிஏ என்ற சான்று காட்டும் முறையில் பக்க எண்ணும் சேரும். அதில் 40 சொல்லும் அதற்கு மேலும் உள்ள மேற்கோளை உள்தள்ளித் தனிப் பத்தியாக, மேற்கோள்குறி இல்லாமல் எழுத வேண்டும். குறி இல்லாததால் பிடிஎஃப் கோப்பில் சாஃப்ட்வேர் அதை மேற்கோளாகக் கருதாமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அறிவியல் கட்டுரையில் நேர் மேற்கோளுக்கு வேலை குறைவு, கருத்தைச் சொந்தச் சொல்லில் எழுதிச் சான்று காட்டுவதே வழக்கம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மூலத்தில் "ஒருநிற ஒளி திரவத்தின் வழியே செல்லும்போது, சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி வேறு அலைநீளத்தில் வெளிவருகிறது" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். இதை "ஒற்றை நிற வெளிச்சம் நீர்மத்தின் ஊடே போகும்போது, சிதறும் வெளிச்சத்தில் சிறு பங்கு மாறிய அலைநீளத்தில் வருகிறது" என்று எழுதினால், சான்று காட்டினாலும் அது நகல்தான். வாக்கியத்தின் எலும்புக்கூடு மூலத்துடையது. மூலத்தை மூடிவிட்டு, உங்கள் ஆய்வுக்கு அதில் என்ன வேண்டும் என்று யோசித்து எழுதுங்கள்: "சிதறிய ஒளியில் அலைநீளம் மாறிய கூறும் உண்டு என ராமனும் கிருஷ்ணனும் (1928) காட்டினர். அந்தக் கூறின் செறிவையே நம் மாதிரிகளில் அளந்தோம்." இரண்டாவது வாக்கியத்தை வேறு யாரும் எழுதியிருக்க முடியாது.

சொல்லை மாற்றித் தரும் கருவிகளை நம்பினால் வரும் கேடு வேறு. 'பிரெஸ்ட் கேன்சர்' (மார்பகப் புற்றுநோய்) என்ற மருத்துவச் சொல் 'புஸம் பெரில்' (நெஞ்சு ஆபத்து) என்று மாறி அச்சேறிய கட்டுரைகள் உண்டு. இப்படிச் சித்திரவதைப்பட்ட சொற்றொடர்களைத் தேடியே போலிக் கட்டுரைகளை அடையாளம் காணும் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. எழுத்துகளுக்கு நடுவே வெள்ளை நிற எழுத்தைச் செருகுவது, பத்தியைப் படமாக ஒட்டுவது போன்ற தந்திரங்களையும் இன்றைய சாஃப்ட்வேர்கள் எச்சரிக்கையாகக் காட்டுகின்றன. தெரியாமல் செய்த தவறு என்று பிறகு வாதாடவும் முடியாது.

ஆய்வுமுறை இயலில் எளிதான வழி ஒன்று உண்டு. புரத அளவைக் காண லோரி முறையைப் பயன்படுத்தினால், முன்னவர் ஆய்வேட்டிலிருந்து ஒரு பக்கச் செய்முறையை எடுத்து எழுத வேண்டியதில்லை. லோரியும் பிறரும் 1951-இல் வெளியிட்ட கட்டுரையைச் சான்றாகக் காட்டி, நீங்கள் மாற்றியதை மட்டும் எழுதுங்கள்: மாதிரியின் அளவு, நீர்த்த விகிதம், எந்த அலைநீளத்தில் அளந்தீர்கள். மாற்றியமைத்த முறையை வேறொரு கட்டுரையிலிருந்து எடுத்திருந்தால் அந்தக் கட்டுரையும் சான்றில் வர வேண்டும். இல்லாவிட்டால் மூலத்தில் இல்லாத ஒரு படிக்கு மூலத்தைச் சாட்சிக்கு இழுத்ததாகிவிடும்.

படிக்காத 1951 கட்டுரையை இன்னொருவர் பட்டியலிலிருந்து நகலெடுப்பதும் பரவலாக நடக்கிறது. அவர் பக்க எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தால் உங்களிடமும் அதே தப்பு இருக்கும், வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அதைச் சட்டென்று பிடித்துவிடுவார். மூலம் கிடைக்கவே இல்லை என்றால், இன்னார் எழுதியதை இன்னாரிடம் படித்தேன் என்று தெரியும்படி வாக்கியத்தில் எழுதி, நீங்கள் படித்த கட்டுரையை மட்டும் பட்டியலில் சேருங்கள்.

முறையும் பெயரும்

சான்றை எந்த முறையில் எழுதுவது என்பதை இந்த விதி சொல்வதில்லை, பல்கலைக்கழகமும் இதழும்தான் சொல்லும். ஏபிஏ முறையில் பெயரும் ஆண்டும் வரும், 3 பேரோ அதற்கு மேலோ எழுதியிருந்தால் முதல் தடவையிலிருந்தே முதல் ஆசிரியர் பெயரோடு 'பிறர்' போதும். பொறியியலில் புழங்கும் ஐ-ட்ரிபிள்-ஈ முறையில் சதுர அடைப்புக்குள் எண், கட்டுரையில் முதலில் வரும் வரிசைப்படி. மருத்துவத்தில் வான்கூவர் முறை, அதிலும் எண்தான், பட்டியலில் வழக்கமாக முதல் 6 பேருக்குப் பிறகு 'பிறர்'. ஓர் ஆய்வேட்டில் ஒரே முறைதான் இருக்க வேண்டும். எண் முறையில் நடுவே ஒரு சான்றைச் செருகினால் பின்னால் உள்ள எண் எல்லாம் நகரும். ஸொட்டேரோ போன்ற, சான்றுகளைத் தொகுத்துத் தரும் இலவசக் கருவியை முதல் நாளிலிருந்தே பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

கருவி தவறும் இடம் தமிழ்ப் பெயர்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்து தந்தையுடையது. 'சி. வி. ராமன்' பட்டியலில் 'ராமன், சி. வி.' என்று வருவது சரி. கடைசியில் நிற்பது அவர் பெயரே. ஆனால் முன்னெழுத்தைப் பின்னால் விரித்து 'முருகன் சுப்பிரமணியன்' என்று எழுதியவரை, கருவி 'சுப்பிரமணியன், மு.' என்று மாற்றிவிடும். கட்டுரையை மகன் எழுத, சான்று அப்பாவுக்குப் போய்விடும். அவருடைய மற்றக் கட்டுரைகளில் பெயர் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துக் கையால் திருத்துங்கள்.

பட்டியலை முடிக்குமுன் ஒவ்வொரு சான்றின் டிஓஐ எண்ணையும், அதாவது கட்டுரையின் நிலையான இணைய அடையாள எண்ணையும், சொடுக்கிப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இல்லாத கட்டுரைக்கு உண்மைபோலத் தலைப்பும் ஆசிரியரும் டிஓஐயும் தருகின்றன. சொடுக்கினால் வேறு கட்டுரை திறக்கும், அல்லது எதுவுமே திறக்காது. நீங்கள் சான்று காட்டும் கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா என்பதும் அதே பக்கத்தில் பெரும்பாலும் தெரியும். திரும்பப் பெற்ற கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளம் 2023 முதல், டிஓஐ வழங்கும் அமைப்பான கிராஸ்ரெஃப் வழியே இலவசமாகக் கிடைக்கிறது.

சொந்தக் கட்டுரையை மறுபடி எடுப்பது

தன் எழுத்தைத் தானே எடுப்பதில் என்ன திருட்டு என்று கேட்பவர்களுக்கு யுஜிசி 2020 ஏப்ரலில் தனி அறிவிப்பு வெளியிட்டது. முன்பு வெளியிட்டதைச் சான்றில்லாமல் மறுபடி வெளியிடுவது, ஒரே ஆய்வைத் துண்டு துண்டாக்கிப் பல கட்டுரை ஆக்குவது, பழைய தரவைச் சொல்லாமல் பயன்படுத்துவது எல்லாம் ஏற்கத் தக்கதல்ல என்கிறது அது. ஆய்வேட்டின் இயல் ஒன்று ஏற்கனவே இதழில் வந்திருந்தால், எந்த இதழ், எந்த ஆண்டு என்று இயலின் தொடக்கத்திலேயே எழுதுங்கள். அறிக்கை எடுக்கும்போது அந்தக் கட்டுரையின் விவரத்தை, நெறியாளர் ஒப்பத்தோடு, நூலகரிடம் கொடுத்து அந்த மூலத்தை விலக்கச் சொல்லலாம்.

சமர்ப்பிக்கும்போதும் புகார் வந்தாலும்

ஆய்வேட்டோடு, இது என் சொந்தப் படைப்பு, நிறுவனம் ஏற்ற கருவியில் சரிபார்த்தது என்று மாணவர் உறுதிமொழி தர வேண்டும். நெறியாளர் தனிச் சான்றிதழ் தர வேண்டும், ஆகவே அவருக்கும் பொறுப்பு உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு ஒப்புமை காணும் இந்தக் கருவியை மத்திய அரசின் ஷோத்சுத்தி திட்டம் வழியே காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் வழங்குகிறது. 2019-இல் தொடங்கியபோது உர்குண்ட், பின்னர் ட்ரில்பிட். சொந்தச் செலவில் வெளியே எடுத்த அறிக்கையைப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டியதில்லை.

புகார் வந்தால் முதலில் துறைக் குழு விசாரிக்கும். துறைத்தலைவர், துறைக்கு வெளியே உள்ள மூத்த ஆசிரியர் ஒருவர், கருவியில் தேர்ந்த ஒருவர் என 3 பேர். புகார் கிடைத்து 45 நாளுக்குள் பரிந்துரையை நிறுவனக் குழுவுக்கு அனுப்ப வேண்டும். 4 பேர் கொண்ட நிறுவனக் குழுவுக்கும் 45 நாள்தான் கெடு, அதில் ஒருவர் நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வர வேண்டும். இரு குழுவுக்கும் ஒருவரே தலைவராக இருக்க முடியாது. விசாரணை இயற்கை நீதிப்படி நடக்க வேண்டும் என்பதால் குற்றம் சாட்டப்பட்டவர் தன் தரப்பைச் சொல்லலாம். வெறும் சதவீதத்தைப் பற்றிப் பேசாமல், எந்த வரி எந்த மூலத்தோடு ஒத்திருக்கிறது, அங்கே சான்று இருக்கிறதா என்று முழு அறிக்கையை வைத்து வரிவாரியாகப் பதில் எழுதுங்கள். ஒப்புக்கொள்ள வேண்டிய ஒப்புமைகள் எவை, விலக்க வேண்டியவை எவை என்று பிரித்துக் காட்டினால் நிலையே மாறக்கூடும்.

பட்டம் வாங்கிய பிறகும் கோப்பு மூடப்படுவதில்லை. ஆய்வேடு, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் ஏறிவிடும், யாரும் திறந்து ஒப்பிடலாம். திருட்டு பின்னாளில் நிரூபணமானால், நிறுவனக் குழு பரிந்துரைத்து நிறுவனத் தலைவர் ஏற்கும் காலத்துக்குப் பட்டம் நிறுத்திவைக்கப்படும்.