கண்ணுதானே என்று வெறுங்கையோடு வராதீர்கள்

"கண்ணு பார்க்கத்தானே வந்தேன், வேற மாத்திரையெல்லாம் எதுக்கு டாக்டர் கேக்குறீங்க?" வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் இப்படிச் சலித்துக்கொள்வார்கள். காலை 9 மணிக்கு டோக்கன் போட்டு, சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்து, 11 மணிக்கு மேல் உள்ளே வருபவர்களின் சலிப்பு நியாயம்தான். ஆனால் கேள்விக்குக் காரணம் இருக்கிறது.

ஒரு பெரியவருக்குப் புரை அறுவைக்கு நாள் குறித்திருந்தோம். பிரஷர், சுகர் மாத்திரைகளைச் சொன்னவர், ராத்திரி அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறோமே என்று சாப்பிட்டுவந்த மாத்திரையை மட்டும் சொல்லவில்லை. மகள் பக்கத்தில் இருந்ததால் கூச்சம். அது டாம்சுலோசின். ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள ப்ராஸ்டேட் சுரப்பிப் பகுதித் தசையைத் தளர்த்தும் அந்த மருந்து, கண்ணின் பாப்பாவை விரிக்கும் தசையையும் தளர்த்திவிடும். அறுவையின் நடுவில் பாப்பா சுருங்கி, அதைச் சுற்றியுள்ள ஐரிஸ் என்கிற நிற வளையம் ஈரத்துணிபோலத் துவளும். 2005-ல்தான் இந்தத் தொடர்பே மருத்துவ இதழ்களில் வெளிவந்தது. முன்பே தெரிந்தால் அதற்கான மருந்து, கருவிகளோடு இறங்குவோம். தெரியாமல் உள்ளே போனால் எங்களுக்கு வியர்த்துவிடும். அன்று வியர்த்தது. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினாலும் அந்தப் பாதிப்பு போய்விடும் என்று சொல்ல முடியாது. சொன்னால் போதும்.

இது எதிர்த்திசையிலும் நடக்கும். கண்ணில் விட்ட மருந்து சில நிமிடத்தில் தொண்டையில் கசக்கிறதே, கவனித்திருக்கிறீர்களா? கண்ணிலிருந்து மூக்குக்கு ஒரு பாதை உண்டு. அங்கிருந்து மருந்து ரத்தத்தில் கலக்கும். கண் நீர் அழுத்தத்துக்குக் கொடுக்கும் டிமோலால், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத்திணறலையே வரவழைத்துவிடும். அதனால்தான் கண் டாக்டர் வீசிங் இருக்கிறதா என்று கேட்கிறார். காசநோய்க்கு எத்தாம்பியூட்டால், மூட்டுவாதத்துக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுபவர்கள் கேட்காமலேயே சொல்லிவிடுங்கள். முதலாவது பார்வை நரம்பையும், மற்றது விழித்திரையையும் பாதிக்கக்கூடியவை.

எனக்குக் கோபம் வருவது வேறொரு விஷயத்தில். கண் அரிப்பு, எந்நேரமும் தேய்க்கிறான் என்று ஒரு பையனை அழைத்துவந்தார்கள். மருந்து ஏதாவது போடுகிறீர்களா என்றேன். "மருந்தெல்லாம் எதுவும் இல்லை சார், சும்மா சொட்டு மருந்துதான்" என்றார் அம்மா. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாதாமாதம் வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு. போட்ட மறுநாளே சிவப்பு மறைந்துவிடுவதால் அதை நிறுத்த மனம் வராது. ஆனால் அது கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். வழக்கமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய கண் அழுத்தம் அவனுக்கு 38. வலி இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. அழுத்தத்தைக் குறைத்துவிட்டோம். அதற்குள் போன நரம்பு போனதுதான். வீட்டில் இருக்கும் சொட்டு மருந்துக் குப்பிகளை, காலியானதையும் சேர்த்து, அள்ளிக்கொண்டு வாருங்கள்.

பழைய கண்ணாடி உடைந்திருந்தாலும் எடுத்துவாருங்கள். அதிலிருந்து பவரை அளந்துவிடலாம். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கழற்றி வைக்க அதன் டப்பாவோடு வாருங்கள். கண்ணுக்கு மை பூசி வர வேண்டாம். சுகர் ஏறியிருக்கும் சமயத்தில் புதுக் கண்ணாடிக்கு அவசரப்படாதீர்கள். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் நீர்ச்சத்து மாறுவதால் பவரும் மாறும். சுகர் இறங்கியதும் அந்தக் கண்ணாடி உதவாது. பாவம், திட்டு வாங்குவது கண்ணாடிக் கடைக்காரர்.

பாப்பா விரிய மருந்து விட்டால் பெரியவர்களுக்கு 4 முதல் 6 மணி நேரம்வரை வெளிச்சம் கூசும், கிட்டப்பார்வை மங்கும். பைக்கில் தனியாக வந்துவிட்டு, மெதுவாக ஓட்டிப் போய்விடுவேன் என்பவர்களிடம் சாவியைப் பிடுங்காத குறைதான். துணைக்கு ஒருவர் வரட்டும். சிறு குழந்தைகளுக்கு அட்ரோபின் போட நேர்ந்தால் அந்த மங்கல் ஒன்றிரண்டு வாரம்கூட இருக்கும். அதனால் பரீட்சைக்கு முந்தைய வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம், டோக்கனுக்குக் காத்திருக்கக் கூடாத சங்கதிகளும் உண்டு. கண்ணில் சுண்ணாம்போ ஆசிடோ தெறித்தால் முதல் வைத்தியம் வீட்டுக் குழாயடியில்தான். இமையை விரித்துப் பிடித்து குறைந்தது 15 நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். திடீரென்று மின்னல் வெட்டுவதுபோல, கறுப்புப் புள்ளிகள் மிதப்பதுபோல, ஓரத்தில் திரை விழுவதுபோலத் தெரிந்தால் அன்றைக்கே வாருங்கள். விழித்திரை கிழிந்திருக்கலாம்.

அந்தப் பெரியவர் இரண்டாவது கண்ணுக்கு வந்தபோது மஞ்சப்பையை மேசையில் கவிழ்த்தார். பத்துப் பதினைந்து மாத்திரை அட்டைகள். பாதி அவர் மனைவியுடையவை.