மசாஜ் தெரபிஸ்ட் இலவசப் பயிற்சி: சேரும் முன் பார்க்க வேண்டியவை

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா தன் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். லேமினேட் செய்து, தங்க நிற முத்திரை ஒட்டி, ‘ஹோலிஸ்டிக் மசாஜ் தெரபிஸ்ட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டி, மூன்று மாதம் படித்திருக்கிறார். வேலை கேட்டுப் போன இடத்தில் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல கியூஆர் கோடே இல்லையேம்மா” என்று கையில் கொடுத்துவிட்டார்கள். இதே வேலைக்கு அரசுத் திட்டத்தில் இலவசப் பயிற்சி இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

திட்டத்தின் பெயர் பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா, 2015 முதல் நடக்கிறது. குறுகிய காலப் பயிற்சிக்கு வயது 15 முதல் 45 வரை. கட்டணம் கிடையாது. அதன் நான்காம் கட்டத்துக்கு 2026 மார்ச் வரைதான் ஒப்புதல் தந்தார்கள். அதனால் பயிற்சி மையத்தின் வாசலில் போர்டு தொங்குகிறது என்பதற்காக உள்ளே வகுப்பு நடப்பதாக அர்த்தமில்லை. ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்தில் அந்த மையத்தின் பெயரும், திறந்திருக்கும் பேட்ச்சும் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பஸ் ஏறுங்கள்.

‘ஹோலிஸ்டிக்’ என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அதை நம்பாதீர்கள். ஸ்பா தெரபிஸ்ட், பஞ்சகர்மா டெக்னீஷியன் என்று அரசுப் பட்டியலில் உள்ள பணிப் பெயரையும் அதன் குறியீட்டு எண்ணையும் கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கினால் கிளம்பிவிடுங்கள். முறையான சான்றிதழ் என்றால் தொழிற்பயிற்சிக்கான மத்திய அமைப்பான என்சிவிஇடியின் அங்கீகாரம் இருக்கும், அரசின் ஆவணச் செயலியான டிஜிலாக்கரிலும் வரும்.

ஆட்கள் அதிகம் திண்டாடுவது பெயரில்தான். டிசியில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல், பாஸ்புக்கில் இரண்டுமே இல்லை. மையத்தில் “இ-சேவைக்குப் போங்க” என்பார்கள். இ-சேவையில் “ஆதார் மையத்துக்குப் போங்க” என்பார்கள். அங்கே போனால் டோக்கன் முடிந்திருக்கும். ஒரு நாள் கூலி போச்சு. இந்த அலைச்சலை பேட்ச் தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அவசரத்தில் ஒரு வாய்ப்பை வீணாக்காதீர்கள். ஓடிபி வரும் போன் நம்பர் உங்கள் கையில் இருக்கும் நம்பராக இருக்கட்டும். வெளியூரில் இருக்கும் மகனுடைய நம்பர் என்றால், ஒவ்வொரு ஓடிபிக்கும் அவன் போனை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

வங்கிக் கணக்கு எண்ணைத் திரையில் நீங்களே பார்த்துச் சரிபாருங்கள். இந்தத் திட்டத்தைப் பற்றிய தணிக்கை அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வங்கிக் கணக்கு விவரம் காலியாகவோ வெறும் பூஜ்யமாகவோ இருந்ததாக அது சொல்கிறது. 

பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம், எண்ணெய்க் காசு என்று எதைக் கேட்டாலும் ரசீது கேளுங்கள். பெரும்பாலும் அந்தப் பேச்சே நின்றுவிடும். ஒரிஜினல் டிசியை எக்காரணத்துக்கும் கொடுத்துவிட்டு வராதீர்கள், நகல் போதும். வருகைப் பதிவு விரல்ரேகையில் என்றால், எண்ணெயிலும் சோப்பிலும் தேய்ந்த விரலின் ரேகை மெஷினில் பதியாமல் போகும். அன்றைக்கே எழுதிக் கொடுத்து ஒப்புகைக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் வருகை குறைவு என்று தேர்வில் உட்கார விடமாட்டார்கள்.

பிள்ளை பெற்றவர்களுக்கும் வயதானவர்களுக்கும் வருடக்கணக்கில் எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைக்கிறவர்கள் எல்லோரையும்போல முழுப் பாடமும் படிக்கத் தேவையில்லை. இருக்கும் திறமையைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஆர்பிஎல் என்ற வழி இதே திட்டத்தில் உண்டு, அதற்கு வயது 18 முதல் 59 வரை. மையங்கள் இதைத் தாமாகச் சொல்வது அபூர்வம். நீங்கள்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

“விஸ்வகர்மா திட்டத்தில் போடுங்க, 15,000 ரூபாய்க்குக் கருவி கிடைக்கும்” என்று சிலர் ஃபாரம் விற்கிறார்கள். அது கைத்தொழில் செய்பவர்களுக்கான மத்திய அரசுத் திட்டம். அதில் உள்ள 18 தொழில்களில் முடிதிருத்துவோர் உண்டு, மசாஜ் கிடையாது. அதேபோல, சொந்தமாகத் தொழில் தொடங்க, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு ஆயிரம், இரண்டாயிரம் கேட்பார்கள். அந்தப் பதிவு முழுக்க இலவசம்.

இன்னொன்று: இந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு ‘மூட்டு வலி குணமாகும்’ என்று போர்டு வைக்க முடியாது. நீங்கள் பிசியோதெரபிஸ்ட்டும் அல்ல, சித்த மருத்துவரும் அல்ல. அப்படி எழுதச் சொல்லும் முதலாளி, சிக்கல் வந்தால் உங்களைத்தான் முன்னால் நிறுத்துவார்.

பயிற்சி முடிந்தும் சான்றிதழ் வரவில்லையா? மையத்துக்கு நடந்து செருப்பைத் தேய்க்காதீர்கள். மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் போட்டுப் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதிலும் நகரவில்லை என்றால், 10 ரூபாய் கட்டணத்தில் திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு ஓர் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்கள். ‘என் பேட்ச்சின் மதிப்பீடு எந்தத் தேதியில் நடந்தது, சான்றிதழ் ஏன் நிலுவையில் இருக்கிறது’ என்று இரண்டே கேள்வி கேட்டால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும்.