காண்டாமிருகப் பத்திரம்: வட்டிப் பணம் காட்டுக்குப் போகும் வழி

உலக வங்கி 2022 மார்ச்சில் 15 கோடி டாலருக்கு ஒரு கடன் பத்திரம் வெளியிட்டது. காலம் ஐந்தாண்டு. வாங்கியவருக்கு இடையில் வட்டியே கிடையாது. வட்டியாகப் போயிருக்க வேண்டிய பணத்தில் ஏறத்தாழ 15.2 கோடி ராண்ட், தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் மாகாணத்திலுள்ள ஆடோ யானைகள் தேசியப் பூங்காவுக்கும் கிரேட் ஃபிஷ் ரிவர் காப்பகத்துக்கும் தவணைகளாகப் போகிறது. அது கறுப்புக் காண்டாமிருகத்தைக் காப்பதற்கான பணம்.

வட்டி இல்லாத பத்திரத்தை யார் வாங்குவார்? 100 டாலர் பத்திரம் 94.84 டாலருக்கு விற்கப்பட்டது. காண்டாமிருகம் பெருகினாலும் குறைந்தாலும் முதிர்வில் உலக வங்கி 100 டாலரைத் திருப்பித் தரும். விலங்குகள் பெருகினால், உலகச் சுற்றுச்சூழல் நிதியம் தரும் மானியத்திலிருந்து மொத்தம் 1.376 கோடி டாலர் வரை கூடுதலாகக் கிடைக்கும். எண்ணிக்கை கூடவில்லை என்றால் அந்தக் கூடுதல் இல்லை. ஆகவே முதலீட்டாளர் பணயம் வைப்பது வட்டியை மட்டும். பூங்காவுக்கு வேலை தொடங்கும்போதே பணம் வருகிறது. மானியம் தருபவர் விளைவைப் பார்த்த பிறகே கொடுக்கிறார். இந்த ஏற்பாட்டின் உண்மையான புதுமை இதுதான்.

கூடுதல் தொகை முழுவதும் கிடைக்க ஆண்டு வளர்ச்சி 4 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். அதாவது 100 விலங்குகள் ஐந்தாண்டில் ஏறக்குறைய 122 ஆக வேண்டும். கறுப்புக் காண்டாமிருகத்தின் கர்ப்பகாலம் சுமார் 15 மாதம்; ஈற்றுக்கு ஒரே கன்று; அடுத்த கன்றுக்கு இரண்டரை, மூன்று ஆண்டு ஆகும். ஈனும் வயதிலுள்ள சில பெண் விலங்குகளை வேட்டைக்காரர்கள் கொன்றுவிட்டால் கணக்கே தலைகீழாகிவிடும்.

எண்ணுவது அதைவிடச் சிக்கல். ஆடோவில் ஸ்பெக்பூம் என்ற செடி அடர்ந்த புதர்க்காட்டில் ஒரு காண்டாமிருகம் பல நாள் கண்ணில் படாமல் இருக்கும். அதனால் காதில் வெட்டிய அடையாளங்களையும் தானியங்கிக் கேமராப் படங்களையும் வைத்து ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியாக அறிகிறார்கள். பணம் வந்து ரோந்து கூடினால், முன்பு தென்படாத பழைய விலங்குகளும் தென்படும். அது வளர்ச்சி போலத் தோன்றும். பூங்காவே எண்ணி, பூங்காவே சான்று தந்தால் இந்தப் பிழையைப் பிடிக்க ஆள் இருக்காது. வளர்ச்சி விகிதத்தைக் கணக்கிடுவது கன்சர்வேஷன் ஆல்ஃபா என்ற அமைப்பு, சரிபார்ப்பது லண்டன் விலங்கியல் சங்கம் என்று பிரித்தது அதற்காகத்தான்.

இரண்டு பூங்காக்களை மட்டும் அளப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. ஓரிடத்தில் காவல் இறுகினால் வேட்டைக் கும்பல் வேறிடம் தேடும். 2023இல் தென்னாப்பிரிக்காவில் கொல்லப்பட்ட 499 காண்டாமிருகங்களில் 307, குவாசூலு-நட்டால் மாகாணத்தின் ஷ்லூஷ்லூவே-இம்ஃபொலோஸி பூங்காவில் விழுந்தவை. ஈஸ்டர்ன் கேப்பில் இலக்கு எட்டினாலும் இந்த இழப்பு அந்தக் கணக்கில் ஏறாது.

இதே முறையில் வெள்ளத்தைத் தடுக்கவும் பணம் திரட்டலாமா? பத்திரம் வெளியான சில வாரங்களில், 2022 ஏப்ரலில், குவாசூலு-நட்டாலின் டர்பன் நகர வட்டாரத்தில் வந்த வெள்ளம் 400க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. காண்டாமிருகத்தைத் தலை எண்ணலாம்; வராமல் தடுக்கப்பட்ட வெள்ளத்தை எப்படி எண்ணுவது? ஆகவே வெள்ளம் வரும் ஓடைகளுக்கு வேறு அளவுகோல் வேண்டும்: எத்தனை கிலோமீட்டர் ஓடையில் குப்பையும் அயல் செடிகளும் அகற்றப்பட்டன, மழைக்குப் பின் எத்தனை பாலங்களின் அடிக்குழாய் அடைபட்டது. டர்பனை ஆளும் ஈத்தெக்வினி நகராட்சி சிஷ்லான்சிம்வெலோ என்ற திட்டத்தில் உள்ளூர்க் கூட்டுறவுக் குழுக்களுக்குக் கூலி தந்து ஓடைகளைச் சுத்தமாக வைக்கிறது. சாலை, குழாய் பழுதுச் செலவில் நகராட்சி மிச்சம் பிடிப்பதால், இங்கே கடனைத் திருப்ப ஒரு வழி தெரிகிறது. காண்டாமிருகத்துக்கு அப்படி வருமானம் இல்லை. மானியம் இல்லையென்றால் அப்படிப்பட்ட பத்திரமும் இல்லை.

உங்கள் ஓய்வூதிய நிதி இப்படிச் சுற்றுச்சூழலுக்காக வெளியிடப்படும் பசுமைப் பத்திரம் வாங்கியிருந்தால் மூன்றைக் கேளுங்கள்: எதை அளக்கிறார்கள், யார் சரிபார்க்கிறார்கள், கூடுதல் தொகை யார் பையிலிருந்து வருகிறது. தென்னாப்பிரிக்க ஓய்வூதிய நிதிச் சட்டப்படி அறங்காவலர்களில் பாதிப்பேரையாவது தேர்ந்தெடுக்கும் உரிமை உறுப்பினர்களுக்கு உண்டு. கேள்வியை அவர்களிடம் எழுத்தில் கொடுக்கலாம்.